வேர்க்காத சுவர்

அத்தியாயம் 6

சூடாமணி மாமி சுவரை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு இது கொஞ்சம் கலக்கமாக இருக்கும். லிங்கராஜுக்குப் பழகிப்போன காட்சி. நாலு வருஷமாக மாமிக்கு உதவியாளாக இருக்கிறான். ஒரு ஸ்கூட்டர் சீட்டு, ஒரு வக்கீலின் கோட்டு, ஒரு உயில் என்று மாமி முகர்ந்த சாமான்களுக்கெல்லாம் அவன்தான் சாட்சி. இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருபத்தாறு வருஷம் எரிந்த கடைகளுக்குள்ளும் மழைநீர் புகுந்த கிடங்குகளுக்குள்ளும் நடந்த மனுஷி. வேலையிலிருந்து ஓய்வுபெற்று, ஸ்ரீவராகத்தில் தன் வீட்டு முன்னறையில் துப்பறியும் ஏஜென்சி என்று போர்டு மாட்டின பிறகும் அந்த மூக்கு மட்டும் ஓய்வுபெற மறுத்துவிட்டது.

"என்ன மாமி, சுவத்துக்கு ஜலதோஷமா?"

"வாயை மூடிண்டு மோந்து பாருடா."

லிங்கராஜ் குனிந்து, இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் மூக்கை வைத்தான். சட்டென்று பின்வாங்கினான்.

"வினிகர்! எவனோ சுவத்துக்குள்ள ஊறுகா போட்டுருக்கான்."

"மத்த ஜாயிண்டுல?"

இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று முகர்ந்தான். ஒரு வாடையும் இல்லை. நடுவில் இருந்த இந்த மூன்றாவது ஜாயிண்டில் மட்டும் வெள்ளைப் பசை புத்தம்புதுசாகப் பளபளத்தது. அதுவும் ஒழுங்காக இல்லை. வாயில் பற்பசையோடு வழியனுப்ப ஓடிவந்தவன் முகம் மாதிரி அங்கங்கே வழிந்து நின்றது.

"அதான் நான் காலையிலேர்ந்து சொல்றேன், மாமி" என்றார் பின்னால் நின்ற சாம்பசிவன். "இந்தச் சுவரைக் கட்டினவன்தான் பலகையைக் கழட்டி உள்ளே போயிருக்கான். திரும்ப மாட்டிப் பசையைத் தடவிட்டுப் போயிருக்கான். அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன். அப்பறம் ஸ்டேஷன்லே அவன் பேரை எழுதிக் குடுத்துடுவேன்."

எழுதியே வைத்துவிட்டார் என்பது சட்டைப் பையில் எட்டிப் பார்த்த நீளக் காகிதத்திலிருந்து தெரிந்தது. மணி மூன்றே முக்கால்.

விஷயம் இதுதான். பாப்பனங்கோட்டில் சாம்பசிவனுக்கு மருந்து மொத்த வியாபாரம். கிடங்கின் பின்பக்கம் தகரம் போர்த்திய பலகைகளை இணைத்துப் புதிதாக ஒரு குளிர் அறை கட்டி மூன்று வாரம் ஆகிறது. சனிக்கிழமை மத்தியானம் பாம்புக்கடி மருந்து பன்னிரண்டு நீலப் பெட்டிகளில் வந்து இறங்கியது. வித்துரா பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குச் செவ்வாய்க்கிழமை போகவேண்டிய சரக்கு. மழை பிடித்துவிட்டால் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த மருந்துதான் கதி. சாம்பசிவனே எண்ணி உள்ளே வைத்தார். அன்று சாயங்காலம் அவரும் ஸ்டோர் கீப்பர் கேசவும் சேர்ந்து இரண்டு பூட்டுப் போட்டு, குறுக்கே காகிதம் ஒட்டி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கேட்டில் காவலாளி தாசையன் கேசவின் சாப்பாட்டுப் பாத்திரம் வரைக்கும் திறந்து பார்த்துத்தான் வெளியே விட்டார். அது அங்கே தினப்படி வழக்கம்.

திங்கட்கிழமை காலை காகிதம் ஒட்டினபடியே இருந்தது. கையெழுத்தும் கலையவில்லை. பெட்டிகளை மட்டும் காணவில்லை.

"உள்ளே டெம்பரேச்சர் பதிவாகிற மிஷின் இருக்கணுமே?" என்று மாமி கேட்டாள்.

சாம்பசிவன் தொண்டையைச் செருமினார். "வாங்கியாச்சு. மாட்டறதுக்குள்ளே..."

மிஷின் இன்னும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

கேசவ் பக்கத்தில்தான் நின்றிருந்தான். முப்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, அழவா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். "ஞான்தான் முதல்ல கண்டது, மேடம். காலைல பெட்டி காணலன்னதும் சுத்திப் பாக்க இங்கே வந்தேன். இந்த ஜாயிண்ட் வேர்த்து ஒழுகிட்டிருந்தது. தரையெல்லாம் வெள்ளம். உள்ள இருக்கிற குளிர் வெளிய வந்தா சுவரு வேர்க்கும்னு அந்த ஆளே பணி செய்யும்போ சொல்லியிருக்கான். உடனே எனக்குப் புரிஞ்சு போச்சு."

"ரொம்பக் கவனமா கேட்டுண்டிருக்கேள்" என்றாள் மாமி.

அந்த ஆள் ஜெனரேட்டர் ஷெட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். உச்சிமாகாளி, லிங்கராஜைப் போலவே சங்கரன்கோவில் பக்கம். குளிர் அறை கட்டுகிற ஐந்து பேர் கொண்ட குழுவுக்குத் தலைவன். குளிர் அறையின் பின்சுவர் இந்த ஷெட்டுக்குள்தான் நின்றது. ஷெட்டுக்குக் கதவு கிடையாது. பின்சந்து வழியாக யார் வேண்டுமானாலும் வரலாம், உச்சிமாகாளியும் வரலாம். வந்தும் இருக்கிறான். அதுதான் லிங்கராஜுக்கு உறுத்தியது.

"ஞாயித்துக்கெழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வந்தானாக்கும்" என்றார் தாசையன். "கையில பசை அடிக்குத துப்பாக்கி. ஊதுபத்தி கொளுத்தி ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் மேலயும் கீழயும் காட்டினான். பூஜைன்னு நினைச்சேன். நான் சர்ச்சுக்குப் போற ஆளு. இருந்தாலும் ஒரு மரியாதைக்குச் செருப்பைக் கழட்டிட்டு நின்னேன்."

லிங்கராஜ் சிரிப்பை விழுங்கினான். உச்சிமாகாளி சிரிக்கவில்லை.

"பூஜை இல்லம்மா. மூணு வாரம் ஓடுனா பலகை குளுந்து சுருங்கி உக்காரும். அப்ப ஒருதடவ வந்து பாக்கது எங்க வழக்கம். யாரும் கூப்பிட வேண்டாம். ஊதுபத்திப் புகைய ஜாயிண்டுகிட்டப் பிடிச்சா, கசிவு இருந்தா காட்டிக் குடுத்துரும். உச்சியில புகைய உள்ள இழுக்கும், அடியில வெளிய தள்ளும். ஒழுங்கா அடைச்ச ஜாயிண்டுல நேரா மேல போயிரும். கிட்டங்கி பூட்டியிருந்தது. இந்தப் பின்சுவர மட்டும் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. போயிட்டேன்."

"வரப்போறது யாருக்குத் தெரியும்?" என்றாள் மாமி.

"கேசவ் சாருகிட்ட வெள்ளிக்கெழமையே போன்ல சொன்னேன்."

"அது சரியாணு" என்றான் கேசவ் உடனே. "வரச் சொன்னேன். இதுக்குத்தான் வாரான்னு நான் கண்டேனா?"

மாமி உச்சிமாகாளியின் சாக்குப்பையைக் கிளறினாள். பசைக் குழாய்கள் இரண்டை எடுத்து முகர்ந்தாள். வினிகர் வாடை இல்லை.

"அந்தச் சுவத்துல தடவுனது கண்ணாடி ஒட்டுத ஆளுங்க போடுத பசைம்மா. வினிகர் வாடை அடிக்கும். தகரத்துல தடவுனா துரு ஏறிரும். நா அதைக் கையால தொட மாட்டேன்."

"அண்ணாச்சி," என்றான் லிங்கராஜ், "திருட வந்தவன் தகரம் துருப்பிடிக்குமேன்னு கவலைப்பட்டா வாங்குவான்? மாத்திப் போட்டா நம்ம மேல சந்தேகம் வராதுன்னு வேணும்னே கூட வாங்கியிருக்கலாம்லா?"

உச்சிமாகாளி அவனை நிமிர்ந்து பார்த்தான். சொந்த ஊர்ப் பேச்சிலேயே திருடன் என்று கேட்டதுதான் அவனுக்கு அதிகம் வலித்திருக்க வேண்டும். "தம்பி, ஸ்டேஷன்ல ஒருதடவ எம்பேரு ஏறிச்சுன்னா அப்புறம் எவனும் மருந்து வைக்கிற எடத்துல என்னைய நுழைய விடமாட்டான். எம் பின்னால நாலு குடும்பம் இருக்கு. நா தொட்ட சுவரு வேர்க்காது. அதுக்கு மேல எனக்கு எதுவும் சொல்லத் தெரியல."

லிங்கராஜுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகம் குறையவில்லை. கட்டினவனைத் தவிர வேறு யாருக்கு இந்தச் சுவரைக் கழற்றத் தெரியும்?

"கேள்வி சரிதான், லிங்கராஜ்" என்றாள் மாமி. "வாசனையை வெச்சு இவரை விடவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. நீ கேசவோட குளிர் ரூமுக்குள்ளே போய் ஒரு பார்வை பார்த்துட்டு வா."

உள்ளே போனதுமே லிங்கராஜின் பல் தந்தியடித்தது. கம்பி அலமாரிகள், நாற்பது தினுசு மருந்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டு. நீலப் பெட்டிகள் இருந்த தட்டு காலி. காலையிலேயே சாம்பசிவன் எல்லா அலமாரியையும் இறக்கிப் பார்த்துவிட்டாராம். கதவோரம் பெரிய அட்டைப்பெட்டிகள் மூன்று, நாடா ஒட்டி, மேலே சிவப்புச் சீட்டோடு நின்றன.

"இது என்ன?"

"தேதி முடிஞ்ச இன்சுலின். கம்பெனிக்குத் திரிச்சு ரிட்டர்ன் அனுப்பணும். சனிக்கிழமையே பேக் பண்ணி வெச்சது. வண்டி வந்தாச்சு, ஒரு கை பிடிக்காமோ?"

வெளியே ஷைஜு என்கிற டிரைவர் சின்ன வேனைப் பின்னால் எடுத்து நிறுத்தியிருந்தான். சும்மா நிற்பதற்கு ஒரு பெட்டியைத் தூக்கலாமே என்று லிங்கராஜ் கையைக் கொடுத்தான். நல்ல கனம். நெஞ்சோடு அணைத்துத் தூக்கியதில் சட்டை ஜில்லென்று நனைந்தது.

"எந்தா, பெட்டிக்குள்ள ஐஸ் வண்டியையே வெச்சிருக்கீங்களா?"

"ஐஸ் பேக் வெச்சிருக்கு. மருந்து ஆச்சே" என்றான் கேசவ். "மெல்லப் பிடி, உடைஞ்சு போகும்."

மூன்று பெட்டியும் ஏறியது. கேசவ் சீட்டில் கையெழுத்துப் போடும்போது மாமியின் குரல் பின்னாலிருந்து வந்தது. "எல்லாரும் ஒரு நிமிஷம் ஷெட்டுக்கு வாங்கோ. கேசவ், நீங்களும்."

மணி நாலே முக்கால்.

ஷெட்டில் மாமி ஊதுபத்தி கேட்டாள். உச்சிமாகாளி பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொளுத்திக் கொடுத்தான். தாசையன் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றப் போய்ச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"முதல்லே இந்தப் புகைக்கு வேலை தெரியுமான்னு பார்த்துடலாம்" என்று எல்லோரையும் கிடங்குக்குள் கூட்டிப் போய், குளிர் அறைக் கதவின் மேல் மூலையில் பத்தியைப் பிடித்தாள். அங்கே ரப்பர் ஒரு விரற்கடை விலகியிருந்தது. மேலே போன புகை தயங்கி, வளைந்து, இடுக்குக்குள் சர்ரென்று போனது. யாரோ உள்ளே நின்று பீடி இழுக்கிற மாதிரிதான் லிங்கராஜுக்குத் தோன்றியது.

"கண்டுக்கிட்டீகளா? இந்த ரப்பரை மாத்தச் சொல்லி நா எழுதிக் குடுத்தேன்" என்றான் உச்சிமாகாளி, தான் எந்த நிலைமையில் நிற்கிறோம் என்பதையே மறந்து. சாம்பசிவன் வேறு பக்கம் பார்த்தார்.

திரும்ப ஷெட்டுக்கு வந்தார்கள். மாமி உச்சிமாகாளியின் கத்தியை வாங்கி, மூன்றாவது ஜாயிண்டின் வினிகர் பசையை மேலிருந்து கீழ் வரை கீறி உரித்தெடுத்தாள். அது நாடாவைப் போல நீளமாக வந்தது.

"இப்போ இந்தப் பசையோட தயவு கிடையாது. இந்தப் பலகை கழண்டு மாட்டினதுன்னா புகை உள்ளே போகணும். சரிதானே, உச்சிமாகாளி?"

"ஆமாம்மா. ஜாயிண்டுக்கு ரெண்டு காவல். ஒரு பலகையோட நாக்கு அடுத்ததோட பள்ளத்துல போயி உக்காரும். உக்காருறதுக்கு முன்னாடியே பள்ளத்துக்குள்ள மாஸ்டிக்னு ஒரு சாம்பக்கலர் பிசினை வெச்சிருவோம். வெளிய தடவுற பசை ரெண்டாவது காவல். பலகையக் கழட்டுனா அந்தப் பிசின் ஜவ்வு கணக்கா நூல்நூலா இழுபட்டுப் பிஞ்சிரும். திரும்ப ஒட்டவே ஒட்டாது."

மாமி பத்தியை ஜாயிண்டின் உச்சியில் பிடித்தாள். புகை நேராக மேலே போனது. நடுவில் பிடித்தாள், நேராகப் போனது. தரைக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்தாள். அங்கேயும் நேராகத்தான் போனது. லிங்கராஜின் செல்போன் வெளிச்சத்தில் உள்ளே சாம்பல் நிறப் பிசின் ஒரே கோடாக, ஒரு பிசிறு இல்லாமல் தெரிந்தது.

"இந்தப் பலகை கட்டின நாளிலேர்ந்து அசையவே இல்லை" என்றாள் மாமி. "யாரோ வெளிப்பசையை மட்டும் வெட்டி எடுத்துட்டுப் புதுசா தடவியிருக்கா. திருடன் இந்த வழியா வந்தான்னு நாம நினைக்கறதுக்காக."

"அப்படியா?" என்றார் சாம்பசிவன். அவர் கை தானாகச் சட்டைப் பைக் காகிதத்துக்குப் போனது.

"கேசவ், காலம்பற இந்த ஜாயிண்ட் எப்படி இருந்ததுன்னு சொன்னேள்?"

கேசவ் முன்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"வேர்த்து ஒழுகித்துன்னேள். தரையெல்லாம் வெள்ளம்னேள். குளிர் வெளியே வந்தாத்தானே சுவர் வேர்க்கும்? வெளிப்பசையை வெட்டினாலே சுவர் வேர்த்துடும்னு நினைச்சுண்டுட்டேள். இந்த ஆள் பாடம் சொல்லித் தரச்சே பாதிதான் கேட்டிருக்கேள். உள்ளே ரெண்டாவதா ஒரு காவல் இருக்குன்னு அவர் சொன்னப்போ எங்கேயோ பராக்குப் பார்த்துண்டிருந்திருக்கேள்."

"மேடம், மழைவெள்ளம் ஆயிருக்கும்... ஞான் தெரியாம..."

"மாமி, இருங்கோ" என்றார் சாம்பசிவன். குழப்பத்தில் அவருக்கு வேர்த்து ஒழுகியது. "காகிதம் கிழியலை, கதவு திறக்கலை. சுவரும் திறக்கலேங்கறேள். அப்போ பன்னெண்டு பெட்டி எங்கே போச்சு?"

"நீங்கதான் பதில் சொல்லிட்டேளே. கதவும் திறக்கலை, சுவரும் திறக்கலை."

லிங்கராஜ் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். நெஞ்சில் ஈரம் இன்னும் ஜில்லென்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஈரம் மூளைக்கு ஏற அரை நிமிஷம் ஆனது.

"மாமி," என்றான் மெதுவாக, "தேதி முடிஞ்சு செத்துப்போன மருந்துக்கு எதுக்கு ஐஸ் வைக்கணும்?"

மாமி அவனைத் திரும்பிப் பார்த்தாள். நாலு வருஷத்தில் அந்தப் பார்வை அவனுக்குக் கிடைத்தது இது இரண்டாவது தடவை.

முன்னால் வேன் உறுமியது.

லிங்கராஜ் ஓடினான். ஷைஜு வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். கேட்டில் ஆள் இல்லை, காவல்காரர் ஷெட்டில் ஊதுபத்தி பார்த்துக்கொண்டிருந்தார். லிங்கராஜ் வேறு வழி தெரியாமல் மாமியின் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து தள்ளிக் கேட்டுக்குக் குறுக்கே சாய்த்துவிட்டு அதன் பின்னால் நின்று கையை விரித்தான். வேன் கிறீச்சிட்டு, ஸ்கூட்டரின் கண்ணாடியை மட்டும் உடைத்துவிட்டு நின்றது.

"எனக்கு ஒண்ணும் அறியில்லா!" என்று ஷைஜு இறங்கும்போதே கையைத் தூக்கினான். யாரும் அவனை இன்னும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

பெட்டியைச் சாம்பசிவனே கிழித்தார். மேலே ஒரு வரிசை காலாவதி இன்சுலின். அதன் கீழே ஐஸ் பேக். ஐஸ் பேக்குக்கு நடுவே, நாலு நீலப் பெட்டிகள். மூன்று அட்டைப்பெட்டியிலும் சேர்த்துப் பன்னிரண்டும் இருந்தன. சனிக்கிழமை பூட்டுப் போடும்போதும் அவை உள்ளேதான் இருந்தன. காலையில் அவர் அலமாரி அலமாரியாகத் தேடியபோதும் கதவோரம் அவர் காலடியில்தான் இருந்தன.

"உள்ளேயே இருக்குன்னு யாரும் யோசிக்கப்படாது. அதுக்குத்தான் சுவத்துலே ஒரு ஓட்டை வேணும்னு ஆச்சு" என்றாள் மாமி. "ஓட்டை போடத் தெரியலை. போட்ட மாதிரி காட்டினார். பழி ஏத்துக்க ஒரு ஆள் ஞாயித்துக்கிழமை தானா வரார்னு வேற தெரியும். சாவகாசமா அன்னிக்குச் சாயங்காலம் பின்சந்து வழியா வந்து பசையைத் தடவியிருக்கார்."

கேசவ் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். யாருக்கு விற்கப் பார்த்தான் என்று சாம்பசிவன் கத்தினார். அதைக் கேட்பதற்கு ஸ்டேஷனில் ஆட்கள் இருந்தார்கள்.

"ஊறுகா போட்டது நம்ம ஆளு இல்ல மாமி" என்றான் லிங்கராஜ். சிரிக்கத்தான் சொன்னான், சிரிப்பு வரவில்லை. திருட்டுச் சரக்கைத் தானே நெஞ்சில் சுமந்து வண்டியில் ஏற்றின வெட்கமும், ஊர்க்காரனைக் கேட்ட கேள்வியும் சேர்ந்து அவனைத் தின்றன. நேராக ஷெட்டுக்குப் போனான். "அண்ணாச்சி, நா கேட்டது தப்பு. மனசுல வெச்சுக்கிடாதீக."

"கேக்கது உங்க வேலை தம்பி. அந்தத் துணிய இப்படிக் குடுங்க."

உச்சிமாகாளி வேலையில் இறங்கியிருந்தான். மாமி உரித்த இடத்தில் ஒட்டியிருந்த வினிகர் பிசிறுகளைச் சுரண்டினான். ஈரம் போகத் துடைத்தான். துப்பாக்கியில் தன் குழாயை மாட்டி உச்சியிலிருந்து தரை வரை ஒரே இழுப்பில் பசையை இழுத்து, சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து வழித்தான். கோடு போட்ட மாதிரி நின்றது.

சாம்பசிவன் கையில் அந்த நீளக் காகிதத்தோடு வந்து நின்றார். நாலாக மடித்தார், பிரித்தார், பின்பு கிழித்தார். "உச்சிமாகாளி... நான் உன்னை எல்லார் முன்னாலேயும்..."

"ஐயா, அது கெடக்கட்டும். எனக்கு ரெண்டு கையும் வேலையா இருக்கு. இந்தப் பத்திய ஜாயிண்டுகிட்டப் பிடிங்க. அசையாமப் பிடிக்கணும்."

பாப்பனங்கோட்டு மருந்து வியாபாரி சாம்பசிவன் இரண்டு கையாலும் ஊதுபத்தியை ஏந்திக்கொண்டு சுவர் முன்னால் நின்றார். தாசையன் இந்தத் தடவை நிஜமாகவே செருப்பைக் கழற்றினார். புகை மேலே போனது. பாதி வழியில் இப்படியும் அப்படியும் ஆடியது.

"கசியறதா?" என்று சாம்பசிவன் பதறினார்.

உச்சிமாகாளி சுவரை ஒரு தடவையும் அவரை ஒரு தடவையும் பார்த்தான்.

"சுவரு கசியல ஐயா. உங்க கைதான் நடுங்குது."